குத்துச்சண்டையில் மிகப் பெரிய வெற்றி எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: யார் யாரை அடித்தது பெரிய விஷயம்? முகமது அலி என்பார் ஒருவர், பஸ்டர் டக்ளஸ் என்பார் இன்னொருவர், மூன்றாமவர் மேனி பாக்கியாவ் என்பார். அப்புறம் அதே சந்தேகங்கள், அதே வாக்குவாதம். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன். தேதிகளும் புள்ளிக்கணக்கும் நடந்தவை. வரிசைப்படுத்தியது மட்டும் என் கணிப்பு, அதில் எனக்கு உறுதி உண்டு.

நவீன காலம்னு சொல்றீங்களே, எந்த வருஷத்திலிருந்து கணக்கு?

நான் 1970-லிருந்து எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்த பெரிய சண்டைகள் முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை படமாகக் கிடைக்கின்றன, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்த்துச் சரிபார்க்கலாம். அதற்கு முன்பு ஆடிய ஜோ லூயிஸும் சுகர் ரே ராபின்சனும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் ராபின்சன் வெல்டர்வெயிட் எடைப்பிரிவில் உச்சத்தில் இருந்தபோது ஆடிய பல சண்டைகளுக்குப் படமே இல்லை, பத்திரிகைக் குறிப்பை வைத்து அவற்றை இன்றைய சண்டைகளோடு ஒப்பிடுவது நியாயமாக இருக்காது.

இந்தக் காலத்துக்குள்ளேயே ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. பட்டச் சண்டைகள் முன்பு 15 சுற்று. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரியாவின் கிம் டுக்-கூ மூளையில் அடிபட்டு இறந்தார். அதன் பிறகு, பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான உலகக் குத்துச்சண்டை கவுன்சில் 12 சுற்றாகக் குறைத்தது, மற்ற அமைப்புகளும் படிப்படியாக அதே வழிக்கு வந்தன. கடைசி மூன்று சுற்று இருக்கிறதா இல்லையா என்பது சில முடிவுகளையே மாற்றியிருக்கும், கீழே அது வரும்.

சிறந்த சண்டையும் பெரிய வெற்றியும் ஒண்ணுதானே? ஏன் பிரிக்கறீங்க?

ஒன்று இல்லை. பாதி வாக்குவாதம் இந்தக் குழப்பத்தால்தான் வருகிறது. 2005 மே 7, லாஸ் வேகாஸ், டியாகோ கொராலஸும் ஹோசே லூயிஸ் காஸ்டியோவும். 9 சுற்று நெற்றியோடு நெற்றி வைத்து அடித்துக்கொண்டார்கள். 10-வது சுற்றில் காஸ்டியோவின் இடது ஹூக்கில் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) கொராலஸ் இரண்டு முறை விழுந்தார், இரண்டு முறையும் பல் கவசம் வெளியே வந்தது, அதற்காக ஒரு புள்ளியும் வெட்டினார்கள். முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டிருந்த அதே மனிதர் அதே சுற்றில் காஸ்டியோவைக் கயிற்றோடு சாய்த்து நினைவு தப்ப வைத்தார், ரெஃபரி டோனி வீக்ஸ் நடுவில் புகுந்து நிறுத்தினார். நான் பார்த்ததிலேயே சிறந்த சுற்று அதுதான்.

ஆனால் வெற்றி என்று பார்த்தால்? கிட்டத்தட்டச் சம பலமுள்ள இரண்டு லைட்வெயிட் பிரிவு வீரர்கள், யார் ஜெயித்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். சண்டைக்கு முதல் இடம் தரலாம், வெற்றிக்குத் தர முடியாது. 1975-ல் மணிலாவில் அலி ஜோ ஃப்ரேசியரை வென்றதும் இதே கதைதான்: 14 சுற்று நரகம், கடைசிச் சுற்றுக்கு ஃப்ரேசியரை அனுப்ப மாட்டேன் என்று பயிற்சியாளர் எடி ஃபட்ச் நிறுத்தினார். மறக்க முடியாத சண்டை. ஆனால் இரண்டு பேருமே அப்போது உச்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

அப்படின்னா ஒரு வெற்றியை எதை வச்சு எடை போடறது?

முதலில், முதல் மணி அடித்த அந்த நிமிடத்தில் எதிராளி எந்த நிலையில் இருந்தார்? பேர் பெரியதா என்று கேட்கவில்லை, அன்று இரவு அவர் எவ்வளவு நல்லவர் என்று கேட்கிறேன். பழம்பெருமையோடு வந்த 38 வயது ஆளை அடிப்பது வேறு, தயாராக வந்த 24 வயது சாம்பியனை அடிப்பது வேறு.

அடுத்து, ஜெயித்தவர் என்ன குறையோடு இறங்கினார் என்பது: எடை, வயது, நீண்ட ஓய்வு. மூன்றாவது, எப்படி ஜெயித்தார் என்பது. எதிராளியின் பலத்தையே அவருக்கு எதிராகத் திருப்பினாரா, இல்லை எதிராளி தானாகச் சரிந்தாரா? இந்த மூன்றில் முதலாவதுதான் எனக்கு முக்கியம். அதில் தேறாத வெற்றி மற்ற இரண்டிலும் எவ்வளவு மின்னினாலும் மேலே வராது.

எல்லோரும் அலி–ஃபோர்மேனைத்தான் சொல்றாங்க. அது அவ்வளவு பெரிசா, இல்ல அலிங்கற பேருக்காகவா?

அவ்வளவு பெரியதுதான். 1974 அக்டோபர் 30, ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் கின்ஷாசா. ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேனுக்கு 25 வயது, 40 சண்டையில் 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். அலிக்கு 32. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக மூன்றரை ஆண்டு ரிங்கில் ஏற முடியாமல், கால் வேகத்தில் பாதியைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

இதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. அலியை அதுவரை வென்றவர்கள் இரண்டே பேர்: 1971-ல் ஜோ ஃப்ரேசியர், 1973-ல் கென் நார்ட்டன். நார்ட்டன் அலியின் தாடையையே உடைத்தவர். அந்த இரண்டு பேரையும் ஃபோர்மேன் ஆளுக்கு இரண்டு சுற்றில் முடித்தார், ஃப்ரேசியரை மட்டும் ஆறு முறை கீழே தள்ளினார். அலிக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்று அவர் பக்கத்தில் இருந்தவர்களே பயந்தார்கள் என்றால் ஆச்சரியம் இல்லை.

முதல் சுற்றில் அலி ஜாப் (முன் கையால் நேராக விடும் குத்து) போட்டு வழி செய்யாமல் நேராக வலது கையை வீசினார். அது அவமதிப்பு மாதிரி, ஏனென்றால் அனுபவமுள்ள ஆளிடம் யாரும் அப்படி வலது கையை முதலில் நீட்ட மாட்டார்கள். ஃபோர்மேன் கோபத்தில் வேகம் கூட்டினார். இரண்டாவது சுற்றிலிருந்து அலி கயிற்றில் சாய்ந்து கைகளை முகத்துக்கு முன் கட்டிக்கொண்டு அடி வாங்கினார், இடையிடையே நேரான குத்துகள், காதருகே பேச்சு. அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காக அதிகாலையில் நடந்த சண்டை, ஆனாலும் ஒட்டும் வெக்கை. ஐந்தாவது சுற்று முடியும்போது ஃபோர்மேனின் குத்துகள் கனம் குறைந்து தள்ளல்களாகிவிட்டன. எட்டாவது சுற்றின் கடைசி நொடிகளில் கயிற்றிலிருந்து திரும்பிய அலியின் குத்துகள் வரிசையாக விழ, ஃபோர்மேன் சுழன்றபடியே சரிந்தார். அவர் விழும்போது அலி இன்னொரு வலது கையை ஓங்கி வைத்திருந்தார், ஆனால் போடவில்லை. படத்தில் அந்தக் கையை மட்டும் பாருங்கள்.

கயிறு தளர்வா இருந்துச்சு, அதனாலதான் அலி தப்பிச்சார்னு சொல்றாங்களே?

கயிறு தளர்வாக இருந்தது உண்மை. வெக்கைக்கு அது நெகிழ்ந்திருந்தது, அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ தான் அதைத் தளர்த்தவில்லை, இறுக்கத்தான் பார்த்தேன் என்று கடைசி வரை சொன்னார். அவர் அலியைக் கயிற்றை விட்டு வெளியே வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது திட்டமிட்ட ஏமாற்று வேலை இல்லை என்பது என் முடிவு.

தளர்ந்த கயிறு இரண்டு பேருக்கும் ஒரே கயிறுதான். அதில் சாய்ந்து, அந்தக் காலத்தின் மிகக் கனமான கைகளிலிருந்து விலாவில் ஆறு சுற்று அடி வாங்கிக்கொண்டு, மூளையைத் தெளிவாக வைத்திருக்க அலியால் முடிந்தது.

டைசனை டக்ளஸ் அடிச்சதுக்கு மேல என்ன இருக்கு? 42-க்கு 1 பந்தயம் சார்!

அதிர்ச்சி என்று வரிசை போட்டால் முதல் இடம் அதற்குத்தான், போட்டியே இல்லை. 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசன் 37 சண்டையில் தோல்வியே காணாதவர். டக்ளஸ் நான்கு தோல்வி கண்டவர், சண்டைக்கு மூன்று வாரம் முன்புதான் அம்மாவை இழந்திருந்தார். அன்று அவர் ஆடியது அற்புதமான ஆட்டம். நீளமான ஜாப், அதன் பின்னால் வலது கை, டைசன் உள்ளே நுழைந்தால் உடனே கட்டிப்பிடி. 10-வது சுற்றில் ஒரு அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து), தொடர்ந்து குத்துகள். கீழே விழுந்த டைசன் தரையில் தடவிப் பல் கவசத்தை எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு எழ முயன்றார்.

ஆனால் மேலே சொன்ன முதல் அளவுகோலை இதில் வைத்துப் பாருங்கள். அன்றைய டைசன் 1988-ல் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 நொடியில் முடித்த டைசன் இல்லை. பயிற்சியாளர் கெவின் ரூனியை விலக்கியிருந்தார், தயாரிப்பு மோசம். அவர் கார்னரில் (உதவியாளர்கள் நிற்கும் மூலை) கண் வீக்கத்தை அழுத்தும் இரும்புகூட இல்லை, ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பிக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தார்கள். டக்ளஸ் மீது ஒன்று கட்டினால் 42 கிடைக்கும் என்ற அந்தப் பந்தயக் கணக்கு மக்கள் எவ்வளவு தெரியாமல் இருந்தார்கள் என்பதைத்தான் காட்டுகிறது, எதிராளி அன்று எவ்வளவு நல்லவர் என்பதைக் காட்டுவதில்லை. என் பட்டியலில் முதல் பத்துக்குள் வரும், முதல் மூன்றில் வராது.

எட்டாவது சுற்றில் டக்ளஸ் பத்து நொடிக்கு மேல கீழே கிடந்தாரே, அது டைசன் ஜெயிச்ச சண்டைதானே?

இல்லை. விழுந்தவர் கடிகாரத்தைப் பார்த்து எழுவதில்லை, எதிரே நின்று எண்ணும் ரெஃபரியின் விரல்களைப் பார்த்து எழுகிறார். ரெஃபரி ஆக்டேவியோ மெய்ரான் எண்ண ஆரம்பித்தது தாமதம்தான், ஆனால் அது டக்ளஸின் தவறு ஆகாது. படத்தைப் பாருங்கள், டக்ளஸ் விழுந்த எரிச்சலில் தரையைக் குத்துகிறார், எண்ணிக்கையைக் கவனித்துக்கொண்டிருந்து ஒன்பதில் எழுகிறார். ஆறில் எழுந்திருக்க வேண்டும் என்றால் ஆறில் எழுந்திருப்பார்.

சண்டை முடிந்ததும் டைசனின் சண்டைகளை ஏற்பாடு செய்த டான் கிங் இதை வைத்து முடிவை மாற்றப் பார்த்தார், அமைப்புகளும் முதலில் தயங்கின, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கின. நடுவர்களின் அட்டையையும் (ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு பெரும்பாலும் 9 என்று போடும் கணக்கு) பாருங்கள்: ஒன்பது சுற்று முடிவில் ஒருவர் 86-86 என்றும், இன்னொருவர் 87-86 என்று டைசனுக்கும் போட்டிருந்தார்கள். அடி வாங்கிக் கண் மூடியவருக்கு அந்தக் கணக்கு! டக்ளஸ் நாக் அவுட் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. உங்க முதல் இடம் எது?

ரொபெர்ட்டோ டுரான், சுகர் ரே லெனார்டை வென்றது. 1980 ஜூன் 20, மான்ட்ரியல், 15 சுற்று, மூன்று நடுவர்களும் டுரானுக்கு. அலி இரண்டாவது.

ஏன் என்று சொல்கிறேன். லெனார்டுக்கு 24 வயது, 27 சண்டையில் 27 வெற்றி. 1976-ல் இதே மான்ட்ரியலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், ஏழு மாதம் முன்பு வில்ஃப்ரெட் பெனிடெஸை வீழ்த்தி வெல்டர்வெயிட் பட்டத்தைப் பிடித்தவர். காயம் இல்லை, ஓய்வு இல்லை, தயாரிப்பில் குறை இல்லை. அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதை அதன் பிறகு 1981-ல் தாமஸ் ஹெர்ன்ஸையும் 1987-ல் மார்வின் ஹேக்லரையும் வென்று அவரே நிரூபித்தார். டுரான் 61 கிலோ லைட்வெயிட்டில் ஆண்டவர், இடையில் ஒரு பிரிவைத் தாண்டி 66 கிலோவுக்கு மேல் ஏறி வந்தவர். முழு ஆரோக்கியத்தில், உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும் லெனார்டை, தன்னைவிடப் பெரிய லெனார்டை, அவருடைய நகரம் மாதிரியே ஆகிவிட்ட இடத்தில் அடித்தார். இதற்கு இணையாக இன்னொன்றைக் காட்டுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

எப்படி அடித்தார் என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். டுரான் தலையை லெனார்டின் தாடைக்குக் கீழே நுழைத்து மார்பில் அழுத்திக்கொள்வார். இடது கையால் லெனார்டின் வலது புஜத்தை அமுக்கி வைத்துவிட்டு வலது கையால் விலாவில் குட்டையாகக் குத்துவார். லெனார்ட் கையை விடுவித்தால் தோளால் ஒரு தள்ளு, அந்த அரை அடி இடைவெளியில் ஒரு ஹூக். இரண்டாவது சுற்றிலேயே இடது கை ஒன்று லெனார்டைத் தடுமாற வைத்தது. ஓடவும் விடவில்லை, நின்று ஆடவும் விடவில்லை. 145-144, 148-147, 146-144 என்ற கணக்கு நெருக்கமானதுதான், ஆனால் 15 சுற்றும் எந்த இடத்தில் நின்று சண்டை நடக்க வேண்டும் என்பதை டுரான்தான் முடிவு செய்தார்.

லெனார்ட் தப்பான சண்டை போட்டார், நகர்ந்து ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பார். அப்புறம் அஞ்சே மாசத்துல டுரான் பாதியில கையைத் தூக்கிட்டு போயிட்டாரே?

நகர்ந்து ஆடாமல் இருந்தது லெனார்டின் முழு விருப்பமா? சண்டைக்கு முந்தைய நாட்களில் டுரான் அவரையும் அவர் மனைவியையும் பொது இடத்தில் சீண்டினார், லெனார்ட் கோபத்தோடு வந்தார். அசிங்கமான தந்திரம், ஆனால் வேலை செய்தது. மீதியை ரிங்குக்குள் அழுத்தத்தால் செய்தார். எதிராளியைத் தப்பான சண்டை போட வைப்பதுதானே இந்த விளையாட்டின் உச்சத் திறமை? அலி ஃபோர்மேனுக்குச் செய்ததும் அதைத்தான்.

1980 நவம்பர் 25, நியூ ஆர்லியன்ஸ், எட்டாவது சுற்றில் டுரான் முதுகைத் திருப்பிக்கொண்டு போனது அவர் வாழ்க்கையின் மோசமான இரவு. வெற்றிக்குப் பின் கொண்டாட்டத்தில் எடை போட்டு, அவசர அவசரமாகக் குறைத்து வந்தவர் அவர். ஆனால் நவம்பரில் நடந்தது ஜூனில் நடந்ததைத் தொட்டு மாற்றாது. ஒருவேளை மான்ட்ரியல் சண்டை எத்தனை பெரியது என்பதை மக்கள் மறந்ததற்குக் காரணமே அந்த நவம்பர்தான்.

லெனார்ட் 1987-ல ஹேக்லரை நிஜமாவே ஜெயிச்சாரா?

முடிவே இல்லாத வழக்கு. 1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ். லெனார்ட் ஐந்து ஆண்டில் ஒரே ஒரு சண்டை ஆடியவர், விழித்திரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஹேக்லர் 1976-க்குப் பிறகு தோற்றதே இல்லை. ஒரு நடுவர் 115-113 ஹேக்லருக்கு, இன்னொருவர் 115-113 லெனார்டுக்கு, மூன்றாமவர் 118-110 லெனார்டுக்கு. அந்த 118-110 எந்தக் கண்ணுக்கும் தெரியாத சண்டை.

என் அட்டையில் லெனார்ட் ஒரு சுற்று வித்தியாசத்தில் ஜெயிக்கிறார். காரணம் ஹேக்லரேதான்: இடது கைக்காரரான அவர் ஆரம்பச் சுற்றுகளை வலது கைக்காரர் மாதிரி நின்று வீணாக்கினார். லெனார்ட் தரப்பு பேரம் பேசி 15-க்குப் பதில் 12 சுற்று, பெரிய ரிங், 10 அவுன்ஸ் கையுறை என்று வாங்கியிருந்தது. முதல் பதிலில் சொன்ன அந்த மூன்று சுற்று இங்கேதான் வருகிறது. கடைசியில் களைத்து நின்ற லெனார்டைப் பார்த்தால், 15 சுற்று இருந்திருந்தால் ஹேக்லர்தான் ஜெயித்திருப்பார் என்று நம்புகிறேன். சந்தேகத்துக்கு இடமுள்ள முடிவு முதல் இடத்துக்கு வராது. ஆனால் ஐந்து ஆண்டு சும்மா இருந்துவிட்டு அந்த ரிங்கில் ஏறிய துணிச்சலை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

பாக்கியாவ் ஆஸ்கர் டி லா ஹோயாவை அடிச்சது எங்கே? 50 கிலோவில ஆரம்பிச்ச ஆள்!

வரலாறு என்று பார்த்தால் பிரம்மாண்டம். 1998-ல் ஃப்ளைவெயிட்டில் பட்டம் வாங்கியவர் 2008 டிசம்பர் 6 அன்று வெல்டர்வெயிட்டில் டி லா ஹோயாவை எட்டு சுற்றோடு ஸ்டூலில் உட்கார வைத்தார். ஆனால் டி லா ஹோயா பல ஆண்டுகளாக ஆடாத எடைக்கு உடம்பை வற்ற வைத்துக்கொண்டு வந்திருந்தார். கால்கள் முதல் சுற்றிலேயே செத்திருந்தன. அதன் பிறகு அவர் ஆடவே இல்லை. என் முதல் அளவுகோலில் இது தேறவில்லை.

பாக்கியாவின் பெரிய வெற்றி என்று கேட்டால் 2003 நவம்பர் 15, சான் அன்டோனியோவில் மார்க்கோ அன்டோனியோ பரேராவை 11 சுற்றில் முடித்ததைத்தான் சொல்வேன். பரேரா அப்போது நசீம் ஹமீதையும் எரிக் மொராலஸையும் வென்று ஃபெதர்வெயிட்டின் தலைவராக இருந்தவர். பாக்கியாவுக்கு அந்த எடையில் அனுபவமே இல்லை. ஒரு நிமிடம்கூட பரேராவுக்கு மூச்சு விட நேரம் தரவில்லை. டி லா ஹோயா சண்டையைப் பார்த்த பத்து பேரில் ஒருவர்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார் என்பது எனக்கு வருத்தம்.

மார்க்கேஸ் பாக்கியாவை ஒரே குத்துல படுக்க வச்சது அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டம் இல்லை. 2012 டிசம்பர் 8, அவர்களுக்குள் நாலாவது சண்டை. முதலாவது டிரா, அடுத்த இரண்டும் பாக்கியாவுக்கு நெருக்கமான முடிவு. 36 சுற்று ஆடிப் படித்த பாடம் அது. பாக்கியாவ் ஜாப் போடுவது மாதிரி ஏமாற்றி முன்னே பாய்வார் என்று மார்க்கேஸுக்குத் தெரியும். ஆறாவது சுற்று முடிய ஒரு நொடி இருக்கும்போது பாக்கியாவ் பாய்ந்தார், மார்க்கேஸ் கொஞ்சம் ஒதுங்கி வலது கையைக் குட்டையாக விட்டார். அந்த நேரத்தில் மூன்று அட்டையிலும் பாக்கியாவ் 47-46 முன்னிலை, மார்க்கேஸின் மூக்கு உடைந்து ரத்தம். 39 வயதில் அப்படிக் காத்திருக்கத் தெரிந்தவரை அதிர்ஷ்டக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வயசான பிறகு ஜெயிச்ச வெற்றிகளுக்குத் தனி மதிப்பு உண்டா?

உண்டு, ஆனால் அளவோடு. 1994 நவம்பர் 5-ல் ஃபோர்மேன் 45 வயதில் மைக்கேல் மூரரை 10-வது சுற்றில் வீழ்த்தினார், ஜயரில் போட்ட அதே சிவப்பு டிரவுசரைப் போட்டுக்கொண்டு. மூன்று அட்டையிலும் பின்தங்கியிருந்தார், ஒரே ஒரு வலது கை கதையை முடித்தது. பார்க்கும்போது கண் கலங்கும். ஆனால் மூரர் நல்ல சாம்பியன், மகத்தானவர் இல்லை.

எனக்கு அதைவிடப் பெரியது 2001 செப்டம்பர் 29, நியூயார்க். 36 வயது பெர்னார்ட் ஹாப்கின்ஸ், 40 சண்டையில் தோற்காத ஃபெலிக்ஸ் டிரினிடாடை 12-வது சுற்றில் நிறுத்தினார். டிரினிடாட்தான் ஜெயிப்பார் என்று பெரும்பாலோர் நினைத்தார்கள். ஹாப்கின்ஸ் அவருடைய இடது ஹூக்கின் பாதையிலேயே நிற்காமல் வட்டம் போட்டு, சுற்றுக்குச் சுற்று ஆயுதங்களைப் பிடுங்கினார். கடைசியில் டிரினிடாடின் அப்பாவே ரிங்குக்குள் வந்துவிட்டார். மூன்று அளவுகோலிலும் தேறும், எனக்கு மூன்றாம் இடம் இதுதான்.

மேவெதர் 50-0. அவர் பேரே வரலையே?

2001 ஜனவரியில் கொராலஸை ஐந்து முறை கீழே தள்ளி 10-வது சுற்றில் நிறுத்தியதுதான் அவருடைய உச்சம். ஆம், இரண்டாவது கேள்வியில் வந்த அதே கொராலஸ், அப்போது தோல்வியே காணாதவர். அது முதல் பத்தில் வரும். 2015-ல் பாக்கியாவை வென்றது சுத்தமான வெற்றிதான், ஆனால் ஐந்து ஆண்டு தாமதமாக வந்த சண்டை. அதற்குள் மார்க்கேஸின் அந்தக் குத்தும் நடந்து முடிந்துவிட்டது. 50 வெற்றி, தோல்வியே இல்லை என்ற அந்த 50-0 ஒரு வாழ்க்கையின் கணக்கு. இங்கே நாம் ஒரு இரவைப் பற்றிப் பேசுகிறோம்.

யாருமே பேசாத, ஆனா பேசவேண்டிய வெற்றி ஏதாவது?

1981 ஆகஸ்ட் 21, சால்வடார் சான்செஸ் வில்ஃப்ரெடோ கோமெஸை எட்டாவது சுற்றில் முடித்தது. கோமெஸ் ஜெயித்த 32 சண்டையிலும் நாக் அவுட். சான்செஸுக்கு 22 வயது. முதல் சுற்றிலேயே தரையில் விழ வைத்தார், அதன் பிறகு அவசரப்படாமல் கோமெஸின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார். ஒரு ஆண்டு கழித்து, 23 வயதில், கார் விபத்தில் இறந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் இந்தப் பட்டியலில் அவர் பெயர் எத்தனை முறை வந்திருக்குமோ.

பெண்கள் சண்டையில எதைச் சொல்வீங்க?

கேட்டி டெய்லர் – அமாண்டா செரானோ, 2022 ஏப்ரல் 30, மேடிசன் ஸ்கொயர் கார்டன். அந்த அரங்கில் பெண்கள் முதன்மைச் சண்டை ஆடியது அதுவே முதல் முறை. ஐந்தாவது சுற்றில் டெய்லர் விழாமல் இருந்ததே பெரிது, மூக்கிலிருந்து ரத்தம், கால் தள்ளாட்டம். அதிலிருந்து மீண்டு கடைசிச் சுற்றுகளை எடுத்து, நடுவர்களில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார். சுற்று இரண்டு நிமிடமாக இல்லாமல் மூன்று நிமிடமாக இருந்திருந்தால் ஐந்தாவது சுற்றிலேயே முடிந்திருக்கும் என்பவர்கள் உண்டு. விதி இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான் என்பது என் பதில்.

இப்போ நடந்தவை? உசிக், க்ராஃபோர்ட் எல்லாம் இதுல வருவாங்களா?

வருவார்கள். 2024 மே 18, ரியாத். உசிக், ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான க்ரூசர்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர், 206 சென்டிமீட்டர் உயரமுள்ள, தோற்காத டைசன் ஃபியூரியை விட சுமார் 15 சென்டிமீட்டர் குட்டை. நடுச் சுற்றுகளில் வயிற்றில் வாங்கித் திணறினார், ஒன்பதாவது சுற்றில் ஃபியூரியை மூலைக்கு மூலை துரத்தி அடித்தார், கயிறு தாங்கியதால்தான் ஃபியூரி நின்றார், ரெஃபரி எண்ண வேண்டியதாயிற்று. நான்கு அமைப்பின் ஹெவிவெயிட் பட்டத்தையும் ஒன்றாக வைத்த முதல் ஆள். டிசம்பரில் மறுபடியும் வென்று சந்தேகத்தையும் தீர்த்தார். எனக்கு இப்போதே முதல் ஐந்தில்.

க்ராஃபோர்ட் 2023-ல் தோற்காத ஸ்பென்ஸை மூன்று முறை வீழ்த்தி ஒன்பதாவது சுற்றில் நிறுத்தியது, 2025 செப்டம்பரில் இரண்டு எடைப்பிரிவு ஏறிக் கனேலோவை வென்றது, இரண்டில் எது பெரியது என்பார்கள். கனேலோ பெயர் பெரியது, ஆனால் 35 வயதில் வேகம் குறைந்திருந்தவர். ஸ்பென்ஸ் சண்டையில் இருந்த முழுமைக்கு நான் ஓட்டு போடுவேன்.

ரெண்டு நொடி இருக்கும்போது சாவேஸ்–டெய்லர் சண்டையை நிறுத்தினாங்களே, அதை வெற்றின்னு எடுத்துக்கலாமா?

இதுதான் எனக்கு வரும் கேள்விகளில் கடினமானது. 1990 மார்ச் 17. மெல்ட்ரிக் டெய்லர் இரண்டு நடுவர்களின் அட்டையில் வெகுதூரம் முன்னிலை, கடைசிச் சுற்றில் எழுந்து நின்றிருந்தால் போதும். சாவேஸின் வலது கையில் விழுந்தார், ஆறில் எழுந்தார். ரெஃபரி ரிச்சர்ட் ஸ்டீல் இரண்டு முறை சரியாக இருக்கிறாயா என்று கேட்டார், டெய்லர் கார்னர் பக்கம் திரும்பிப் பார்த்தார், பதில் வரவில்லை. ஸ்டீல் கையை அசைத்து நிறுத்தினார். கடிகாரத்தில் இரண்டு நொடி.

டெய்லர் ஏமாற்றப்பட்டார் என்பவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அட்டையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். முகத்தில் எலும்பு முறிவு, விழுங்கிய ரத்தம், அன்றிரவே மருத்துவமனை. புள்ளியில் டெய்லர் முன்னே ஓடிக்கொண்டிருக்க, சாவேஸ் ஒவ்வொரு சுற்றிலும் அவரை உள்ளுக்குள் உடைத்துக்கொண்டிருந்தார். டெய்லர் அதன் பிறகு பழைய டெய்லராக வரவே இல்லை. ரெஃபரிக்கு நொடி தெரிய வேண்டிய அவசியம் இல்லை, எதிரே நிற்பவரின் கண் தெரிந்தால் போதும். அதனால் அதை முழு வெற்றியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், முதல் பத்தில் வைக்கிறேன்.

எல்லாத்தையும் நானே பார்த்து முடிவு பண்ணணும். எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?

மான்ட்ரியல், கின்ஷாசா, ஹாப்கின்ஸ்–டிரினிடாட், இந்த வரிசையில். ஒலியை நிறுத்திவிடுங்கள், வர்ணனையாளர் யாரைப் பாராட்டுகிறாரோ அவர்தான் ஜெயிக்கிற மாதிரி தோன்றும், ஹேக்லர்–லெனார்ட் சண்டையில் இது இன்னும் அதிகம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் படத்தை நிறுத்தி, ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9, விழுந்தால் இன்னொன்று குறைத்து எழுதுங்கள். அடுத்த சுற்றைப் பார்த்த பிறகு முந்தைய சுற்றின் எண்ணைத் திருத்தாதீர்கள், நடுவர்களுக்கு அந்த வசதி இல்லை. பார்த்து முடித்த பிறகு டுரானுக்கு முதல் இடம் தர முடியாது என்று தோன்றினால் எந்தெந்தச் சுற்றை லெனார்டுக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், அங்கிருந்து பேசுவோம்.